மாமனார் பேரைச் சொல்லாத ஊர்

மலேசியாவின் செனாய் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். உள்ளே பதினோரு பட்டுச் சேலை. ஓரத்தில் ஒரு லுங்கி, இரண்டு சட்டை, ஒரு பல்பொடி டப்பா. ஏதோ கேட்டார். "அக்கா மகளுக்குக் கல்யாணம்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. கழுத்தில் தாலி கட்டுவது போலச் சைகை செய்து காட்டினேன். தூக்குப் போட்டுக்கொள்வது போல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரமாக இன்னோர் ஆளைக் கூப்பிட்டார்.

வந்தவர் தமிழர். நல்ல வேளை.

"மொதத் தடவையாண்ணே?"

"ஆமாங்க."

"போலாம். ஆனா கைய கால ஆட்டாம நில்லுங்க. அதப் பாத்துத்தான் சந்தேகப்படுறாங்க."

ஆடாமல் நிற்பது என் உடம்புக்கு ஒத்துவராது. தேவகோட்டையில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன் நான். படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் இரண்டு வருஷம், அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. ஓரிடத்தில் உட்கார வைத்தால் பத்து நிமிஷத்தில் எதையாவது கழற்றிவிடுவேன்.

அக்கா குளுவாங்கில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது, ரவிக்கை தைக்க வேண்டும், தபாலில் அனுப்பினால் பட்டு நசுங்கிவிடும் என்று சுமைதூக்கியாக என்னை வரவழைத்தாள். சேலையைக் கொடுத்த நிமிஷத்தில் என் வேலை முடிந்தது. மிச்சம் ஆறு நாள். முதல் நாள் அக்கா வீட்டுக் குழாய் சொட்டுகிறதென்று சரி செய்தேன். அதற்கு முன் சொட்டியது, பிறகு ஊற்றியது. இரண்டாம் நாள் காற்றாடியில் கை வைத்தேன்.

அக்கா மச்சானிடம் சொன்னது சமையலறையிலிருந்து தெளிவாகக் கேட்டது. "இவன உங்க வேன்ல ஏத்திக்கிட்டுப் போங்க. இன்னும் ஒரு நாள் இருந்தான்னா சொவர கழட்டிருவான்."

மச்சான் வேனில் சாமான் விற்கிறவர். வெங்காயம், கருவாடு, எண்ணெய், பிஸ்கட்டு, சோப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு மெர்சிங் பக்கம் காட்டோரக் கம்பங்களுக்குப் போவார். இங்கே கிராமத்தைக் கம்பம் என்கிறார்கள். திரும்பும்போது அந்த ஊர்க்காரர்கள் காட்டில் பறித்த பெத்தாய்க் காயை வாங்கி வருவார். பெத்தாய் என்பது நம் ஊர் தூங்குமூஞ்சி மரத்துக் காய் போல நீளமாக இருக்கும். வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தின்ற மறுநாள் உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் நாள் காலை குளுவாங்கில் ஒரு காப்பிக் கடையில் வண்டியை நிறுத்தினார். கரியில் சுட்ட ரொட்டி, நடுவில் தேங்காய்ப்பால் ஜாம், அரைவேக்காட்டு முட்டை இரண்டு. முட்டையை எப்படித் தின்பதென்று தெரியாமல் காப்பியில் ஊற்றினேன். பக்கத்து மேசைச் சீனக் கிழவர் தன் கோப்பையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அங்கேதான் நான் உருப்படியான முட்டாள்தனம் ஒன்று செய்தேன். ஊரில், மலாயாத் தோட்டத்தில் இருந்து திரும்பிய ஒரு பெரியவர் வாயில் ஒரு வார்த்தை கேட்டிருந்தேன். அதை இங்கே எடுத்துவிட்டேன். "என்ன மச்சான், நம்ம போறது சாக்காய் ஊருக்கா?"

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். "மாப்ள, அந்த வார்த்தைய வேன்ல ஏத்தாதே. இங்கயே எறக்கி வெச்சிட்டு வா."

"ஏன், கெட்ட வார்த்தையா?"

"அடிமைன்னு அர்த்தம்லா. ஒரு காலத்துல காட்டுக்குள்ள பூந்து அவங்கள வேட்டையாடிப் புடிச்சு வித்திருக்கானுங்க. புள்ளைங்களத் தனியா, பொம்பளைங்களத் தனியா. நம்ம தோட்டத்து ஆளுங்களும் அது தெரியாம ரொம்ப நாள் அப்படித்தான் கூப்ட்டோம். நமக்கே ஆயிரம் பேரு வெச்சிருந்தானுங்க, நம்ம இன்னொருத்தனுக்கு வெச்சோம். ஒராங் அஸ்லின்னு சொல்லு. இந்தக் கம்பத்துக்காரங்க அதுல ஜக்குன். நமக்கெல்லாம் முன்னாடி வந்தவங்க இல்ல, முன்னாடியே இருந்தவங்க."

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். முட்டைக்காகவும்தான்.

கஹாங் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. ஒரு மணி நேரம் அதே மரம். நம் பக்கம் சீமைக்கருவேல மரம் இருப்பதுபோல இங்கே இது, ஆனால் வரிசையில் நிற்கிறது. பிறகு செம்மண் பாதை, குறுக்கே சங்கிலி, ஒரு காவல்காரன். தோட்டக் கம்பெனியின் சங்கிலி. மச்சான் பெயர், வண்டி எண், எதற்குப் போகிறோம் எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

"ஊருக்குப் போறதுக்கு ஏன் கம்பெனிகிட்ட எழுதிக் குடுக்கணும்?"

"ஊரு இருந்துச்சு. கம்பெனி சுத்தி வந்துச்சு. இப்ப ஊருக்காரங்களே இங்க எழுதித்தான் வீட்டுக்குப் போறாங்க."

சங்கிலியைத் தாண்டி அரை மைலில் வண்டி சேற்றில் மாட்டியது. எனக்குச் சந்தோஷம். தேவகோட்டையில் கண்மாய்க் கரையில் மாட்டாத வண்டியா? சட்டையையும் லுங்கியையும் கழற்றி, துண்டு கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினேன். மச்சான் முடுக்கினார். வண்டி நகர்ந்தது, நான் நகரவில்லை, குப்புற விழுந்தேன். ஆதிவாசிகளைப் பார்க்கப் போன நான் உடம்பெல்லாம் செம்மண் பூசி, இடுப்பில் ஒரு துண்டோடு ஊருக்குள் நுழைந்தேன். அவர்கள் கால்பந்தாட்டச் சட்டையும் கைக்கடிகாரமுமாக வெளியே வந்து என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இறகு, வில், ஊதுகுழல் என்று எதையோ எதிர்பார்த்து வந்தவன் நான். கண்ட காட்சி: இருபது பலகை வீடு, ஒரு பந்து விளையாடும் இடம், வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், கூரையில் தொலைக்காட்சித் தட்டு. எங்கள் தெருவைவிடச் சுத்தம்.

வேன் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது ஒரு அம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் மீனா என்று காதில் விழுந்தது. அவர்கள் பேச்சில் கடைசியில் ஒரு காற்று வரும், எனக்கு அது வராது, அதனால் மீனாதான். மச்சானை அபாங், அதாவது அண்ணன் என்று கூப்பிட்டார். நான் யாரென்று கேட்டார். மச்சான் சொன்னதும் என்னை அடிக் என்றார். தம்பி. கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்த்தொட்டியருகே நிறுத்தி ஒரு வாளியைத் தலையில் கவிழ்த்தார். பிறகு அவித்த மரவள்ளிக்கிழங்கும், பெத்தாய் போட்ட மிளகாய்ச் சாந்தும், காட்டுப்பன்றிக் கறியும் வைத்தார். மூன்று தட்டு தின்றேன். எனக்கு ஜோகூரில் இரண்டாவது அக்கா கிடைத்தாள் என்று மச்சானிடம் சொன்னேன். "மொதல் அக்காகிட்ட இதச் சொல்லாதே" என்றார்.

சமுதாயக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு சீனப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் வெய். ஜோகூர் பாருவில் இந்த ஊருக்காக வழக்கு நடத்தும் வக்கீல் அம்மாளிடம் வேலை செய்கிறான். முன்னால் ஒரு படிவம். அதில் நிறையக் கட்டங்கள் காலி.

விஷயத்தை மச்சான் எனக்குச் சொன்னார். ஊருக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம், மீனாவின் டுரியான் தோட்டம் இருக்கிறது. அவர் மாமனார் வைத்தது. அந்த மாமனாரைப் புதைத்ததும் அங்கேதான். அது ஆளில்லாத வெறுங்காடு, எங்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்கிறது கம்பெனி. யார் வைத்த தோட்டம், யார் கல்லறை என்று மீனா சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று நாளில் கோர்ட்டில் சேர்க்காவிட்டால் அந்தத் துண்டு வழக்கிலிருந்தே போய்விடும். மரத்தை வெட்டிவிடுவார்கள்.

"அப்ப எழுதிக் குடுக்க வேண்டியதுதான?"

"மாமனார் பேரு வேணும். அவ சொல்ல மாட்டேங்குறா."

"மறந்துட்டாங்களா?"

"மாமனார் பேர மருமக சொல்லக் கூடாதுலா. பந்தாங், விலக்கு. சொன்னா வயிறு ஊதிப்போயிடும்."

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். இதுவரை எத்தனை மாமனார் பெயரைச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

வெய் காலையிலிருந்து வீடு வீடாகப் போயிருக்கிறான். இருபது வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சம்பந்தி. ஒருத்தர் "எனக்கு மாமன், முடியாது" என்றாராம். இன்னொருத்தர், "என் பொண்டாட்டிக்குப் பெரியப்பா, எனக்கும் முடியாது." மீனாவின் நாத்தனாரிடம் போனால், "பெத்த அப்பன் பேர எப்படிச் சொல்றது?" சின்னப் பிள்ளைகளைக் கேட்டால் "தாத்தா" என்கின்றன. மீனாவின் புருஷன் நாலு வருஷம் முன் காய்ச்சலில் போய்விட்டார். அவர் அடையாள அட்டையிலாவது அப்பா பெயர் இருக்குமே என்று வெய் வாங்கிப் பார்த்திருக்கிறான். இருந்தது. எந்தா.

இன்னொருவர் அட்டையை வாங்கினான். அதிலும் அப்பா பெயர் எந்தா. மூன்றாவது அட்டையிலும் எந்தா. இந்த எந்தா என்பவர் யாரோ பெரிய ஆள், பாதி ஊரைப் பெற்றவர் என்று நினைத்து வெய் வம்சப் படமே வரைந்துவிட்டான். பிறகுதான் புரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அட்டை எழுத வந்த குமாஸ்தா "அப்பா பேரு?" என்று கேட்டிருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாதென்று இவர்கள் "எந்தா" என்றிருக்கிறார்கள். மலாயில் அதற்கு "யாருக்குத் தெரியும்" என்று அர்த்தம். குமாஸ்தா அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார். கம்பெனி வக்கீல் இப்போது, எந்தா என்று ஓர் ஆளே கிடையாது என்கிறாராம். அது உண்மைதான், அதுதான் தொந்தரவு.

எனக்கு எங்கள் பக்கத்து இருளர்கள் ஞாபகம் வந்தார்கள். செங்கல் சூளைக்கு அவர்களை ஏற்றிப்போயிருக்கிறேன். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் "நீ இருளர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி" என்று கேட்பார்கள். அத்தாட்சி கொடுப்பது அதிகாரி, கேட்பதும் அதிகாரி, நடப்பது மட்டும் இவர்கள். ஒருத்தர் ஏழு தடவை என் வண்டியில் வந்தார். எட்டாவது தடவை வரவில்லை, நானும் ஏனென்று கேட்கவில்லை.

"பேரு ஒண்ணுக்கு ஏன் இவ்வளவு பாடு? மாமனார்னு எழுதிக்கச் சொல்லுங்க" என்றேன்.

வெய் சொன்னதை மச்சான் மொழிபெயர்த்தார். வெள்ளைக்கார ஆட்சியின் கம்யூனிஸ்ட் சண்டைக் காலத்தில், காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள் என்று ஜக்குன் ஆட்களை வாரிக்கொண்டு போய் முள்கம்பி வேலிக்குள் அடைத்தார்கள். அடைப்பதற்கு முன்னால் எந்த ஓடைப் பக்கம் எந்தக் குடும்பம் என்று ஒரு பட்டியல் எடுத்தார்கள். எழுதியவர் பட்டாளத்துக்காரர், ஆண்களிடமே அவரவர் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார். அந்தப் பட்டியலின் நகல் வக்கீல் அம்மாளிடம் இருக்கிறது. மீனா சொல்லும் பெயர் அந்த ஓடைப் பக்கத்துப் பட்டியலில் இருந்தால் போதும், வெறுங்காடு என்று சொல்ல முடியாது.

"அந்தப் பட்டியலப் படிச்சுக் காட்டி, தலைய ஆட்டச் சொல்றது?"

"கூடாது" என்றான் வெய். "நாங்க சொல்லிக் குடுத்துட்டோம்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்க. அதுக்குத்தான் பட்டியலயே எங்கிட்ட குடுக்கல. இவங்ககிட்டருந்து மொதல்ல வரணும்."

மீனா எங்களை ஓடை தாண்டிக் கூட்டிப்போனார். அட்டைகள் என் காலில் ஏறின. நான் நின்றால் ஏறுகின்றன என்பதால் நிற்காமல் குதித்துக்கொண்டே போனேன். பெரிய பெரிய டுரியான் மரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இது ஆமை, இது கோபக்காரி, இது பாட்டுக்காரன். மரத்தின் பெயரை எல்லாம் வாய் நிறையச் சொன்னார். ஐந்து மரத்தில் கம்பெனி ஆட்கள் சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள். நடுவில் கொஞ்சம் மேடாக ஒரு இடம், இரண்டு முனையிலும் மரக்கட்டை நட்டு, சுற்றி ஆற்றுக்கல். மீனா அங்கே நின்றார். வெய் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் வாயைத் திறந்து, மூடி, ஓடையைப் பார்த்தார்.

"மரம் போனா கல்லு போயிடும். கல்லு போனா இவரு எங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றார் மச்சானிடம். "ஆனா என்னால முடியாது அபாங். நான் பயப்படுறேன்னு நெனக்காத. வயிறு ஊதினா ஊதட்டும். அவர் எனக்குச் சோறு போட்டவரு."

எனக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. என் பொண்டாட்டி இன்றுவரை என் பெயரைச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்கிறாள் என்பதை இங்கே எழுத முடியாது. என் அத்தை ஒருத்தி இருந்தாள், அவள் புருஷன் பெயர் சீனி. ரேஷன் கடையில் சீனி என்று கேட்க மாட்டாள். "எறும்பு தூக்குறது ரெண்டு கிலோ போடுங்க" என்பாள். கடைக்காரர் வேண்டுமென்றே ரவையை அளப்பார். மற்றதெல்லாம் நேர்ப்பேச்சு, அந்த ஒரு சாமான் மட்டும் சுற்றுவழி.

கூடத்துக்குத் திரும்பியதும் மச்சானைத் தனியே கூப்பிட்டேன். "மச்சான், இந்தம்மா உங்ககிட்ட சாமான் வாங்குறப்ப, எதையாவது கோணலாப் பேரு வெச்சுக் கேப்பாங்களா?"

"வெங்காயத்த வெங்காயம்னுதான் கேப்பா. உப்பு, உப்புதான்." மச்சான் யோசித்தார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அலமாக். புளி."

"புளிக்கு என்ன?"

"புளின்னு கேட்டதே இல்லலா. ஒத்தக் கண்ண மூடிக் காட்டி, 'இது குடு அபாங்'ம்பா. புளிச்சா கண்ணு மூடுமே, அது. பன்னெண்டு வருசமா. நான் என்னமோ என்னப் பாத்துக் கண்ணடிக்கிறான்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "இத ஒங்கக்காகிட்ட சொல்லாதே" என்றார். அன்று மட்டும் அக்காவிடம் சொல்லக் கூடாதவை இரண்டாகிவிட்டன.

மலாயில் புளிக்கு அசாம். எங்கள் ஊரில் கட்டட வேலைக்கு வரும் பையன்களின் மாநிலம். மச்சான் என் காதோடு சொன்னதோடு சரி, எல்லோர் முன்னாலும் சொல்ல மறுத்துவிட்டார். அவருக்கு மீனா தங்கை முறை, அடுத்த வாரமும் வண்டி வர வேண்டும். வெய் சொல்லக் கூடாது. மிச்சம் யார்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஒருவன் அந்தக் கூடத்தில் இருந்தான். நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

மீனாவுக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டித் தடுத்தார். "இரு. நீ எனக்குத் தம்பி. தம்பி வாயும் என் வாயும் ஒண்ணு."

ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். வேகமான பேச்சு, நடுநடுவே என்னைக் கை காட்டினார்கள். முடிவில் மீனா எல்லோர் முன்னாலும் நின்று அறிவித்தார், மச்சான் எனக்கு மொழிபெயர்த்தார். "இவன் எனக்குத் தம்பி இல்ல. எனக்கு இவன் யாரும் இல்ல. ரோட்டுல போறவன்."

மூன்று தட்டுக் கிழங்கு போட்ட அக்கா, மூன்று மணி நேரத்தில் போய்விட்டாள். எனக்கு நிஜமாகவே கொஞ்சம் வலித்தது.

வெய் செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தான். மீனாவிடம், "உங்கள் மாமனார் பெயரைச் சைகையால் காட்டுங்கள்" என்றான். மீனா ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடினார், நாக்கைச் சப்புக் கொட்டினார். நான் சொன்னேன். "அசாம்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள். ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தை வைத்துச் சிரித்தார்கள். மீனா தலையை ஒரு தடவை, நன்றாகக் கீழே இறக்கி, ஆட்டினார்.

"கண்ணை மூடிக் காட்டினார் என்றா எழுதுவது?" என்று வெய் கேட்டான், யாரிடம் என்று தெரியாமல்.

"நடந்தத எழுது" என்றார் மச்சான்.

செல்போன் சமிக்ஞை கிடைக்கும் இடம் அந்த ஊரில் ஒன்றுதான், பந்து விளையாடும் இடத்தின் மூலை. வெய் அங்கே ஓடி வக்கீல் அம்மாளைப் பிடித்தான். ஊரே பின்னால் போய் நின்றது. அந்தம்மா காகிதத்தைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு வெய் சொன்னான். மூன்றாவது வரி. அந்த ஓடைப் பக்கம். பெயர் இருக்கிறது. மனைவி ஒன்று, பிள்ளைகள் நாலு.

எல்லோரும் சிரித்தார்கள். மீனா சிரிக்கவில்லை.

"நாலா?" என்றார். "நாலுன்னா எழுதியிருக்கு?"

நாத்தனார்தான் பதில் சொன்னார். "நாலு பேர்தான். வேலிக்குள்ள போனப்ப நாலு. வெளிய வந்தப்ப நானும் அண்ணனும்."

அதற்கு மேல் அவர்கள் பேசியதை மச்சான் மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. சிறிது நேரம் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், டயரில் காற்று பார்த்தேன். கிளம்பும்போது மீனா ஒரு கட்டுப் பெத்தாய் கொடுத்தார், என்னிடமில்லை, மச்சானிடம். என்னைக் காட்டி, "அந்த ரோட்டுல போறவனுக்கும் குடு" என்றார்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் ஜோகூர் பாருவில் காகிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. என்னால் அக்கா வீட்டில் உட்கார முடியவில்லை. மச்சானை எட்டு தடவை "வெய்கிட்ட கேட்டீங்களா" என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு பஸ்ஸில் ஏற்றி மூவாருக்கு அனுப்பினாள், கல்யாணக் கட்டில் பார்க்க. மூவாரில் தெருத்தெருவாய் மரச்சாமான் பட்டறைகள். நான் உட்கார்ந்து பார்த்த நாலாவது கட்டிலில் கால் ஒன்று கழன்று வந்தது. கடைக்காரர் அது காட்சிக்கு வைத்தது என்றார், நானும் அப்படித்தான் என்றேன்.

ஆற்றோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. முதலாளி தொண்டிப் பக்கத்து ராவுத்தர், நம் ஆள்.

"என்ன வேணும் தம்பி? இந்த ஊருல அசாம் பெடாஸ்தான் விசேசம். மீன் போட்டு, புளிப்பா ஒறைப்பா."

அதுதான் வேண்டும். ஆனால் வாயில் வரவில்லை. யாரோ ஒருத்தர் வீட்டுப் பெரிய மனிதர் பெயர் அது, தட்டில் வைத்துக் கேட்பது மரியாதையாகப் படவில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டினேன்.

"கண்ணுல என்ன, தூசியா? தண்ணி தரவா?"

கடைசியில் பக்கத்து இலையைக் கை காட்டிச் சாப்பிட்டேன். நல்ல குழம்பு. கண் தானாகவே மூடியது.

ஆறாம் நாள் மாலை செனாயில் எனக்கு விமானம். அன்று காலைதான் காகிதம் வந்தது. மெர்சிங்கில் சத்தியப் பிரமாணத்துக்கு முத்திரை போடும் ஆணையர் ஒருவர் இருக்கிறார், அவர் முன்னால் மீனா கையெழுத்து வைத்து, வெய் பகலுக்குள் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். "நீ வீட்டுல இரு, பெட்டி கட்டு" என்றாள் அக்கா. என் பெட்டியில் கட்ட ஒரு லுங்கிதான் இருந்தது. நான் வேனில் ஏறிவிட்டேன்.

மீனாவோடு கம்பத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். நாத்தனார், நாத்தனாரின் மருமகள், தங்கை வீட்டுக்காரர், இன்னும் யார் யாரோ முறைக்காரர்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார்கள். வழியில் ஒரு டயர் போனது. நான் ஒன்பது நிமிஷத்தில் மாற்றினேன், அந்தப் பயணத்தில் நான் கை வைத்து உடையாமல் போனது அது ஒன்றுதான். மெர்சிங்கில் இறங்கியதும் மீன் வாடை, தீவுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் தொப்பியோடு படகுத்துறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றே கால். வெய் கடிகாரத்தைப் பார்த்தான், நான் வெய்யைப் பார்த்தேன்.

ஆணையர் அலுவலகம் ஒரு கருவாட்டுக் கடைக்கு மேலே மாடியில். வயதான மலாய்க்காரர், தடித்த கண்ணாடி. ஒரு மேசை, ஒரு காற்றாடி. எட்டிப் பார்த்து, "இத்தனை பேரும் கையெழுத்தா?" என்று கேட்டார்.

"ஒருத்தர்தான். மத்தவங்க சும்மா" என்றான் வெய்.

"வாசிக்கத் தெரியுமா அம்மா?"

"தெரியாது" என்றார் மீனா.

"அப்ப நான் வாசிப்பேன். ஒவ்வொரு வரியும் கேளுங்க. கேட்டு, உண்மைன்னு சொன்னாத்தான் முத்திரை."

வாசிக்க ஆரம்பித்தார். மச்சான் வாசலில் நின்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஓடையின் பெயர். உண்மை. பெரிய பாறை. உண்மை. ஆமை, கோபக்காரி, பாட்டுக்காரன் என்று பெயர் உள்ள மரங்கள். ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். உண்மை, என்றார் மீனா. காற்றாடி காகிதத்தைத் தூக்கியது, வெய் ஓரத்தை அமுக்கிப் பிடித்தான்.

"மேற்படி தோட்டத்தை உண்டாக்கி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர் என் மாமனார், ஹசான் என்பவர்."

யாரும் அசையவில்லை. நாத்தனார் கொட்டாவி விட்டார்.

"உண்மை இல்ல" என்றார் மீனா.

வெய் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "ஐயா, எழுத்த நல்லாப் பாருங்க."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டினார். காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். "ஓ. அசாம்."

அந்தச் சின்ன அறையில் பதினாறு கைகள் ஒரே நேரத்தில் காதுக்குப் போயின. அதில் இரண்டு மச்சானுடையவை. நாத்தனாரின் மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆணையர் காகிதத்தைக் கீழே வைத்தார். மீனா காதிலிருந்து கையை எடுக்கும்வரை பொறுத்திருந்தார்.

"கேட்டீங்களா அம்மா?"

மச்சான் காதைப் பொத்தியிருந்ததால் எனக்கு மொழிபெயர்க்க ஆளில்லை. பிறகுதான் வெய் சொல்ல, மச்சான் மூலமாக முழுதும் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் மீனாவின் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்தது.

"கேக்கல" என்றார் மீனா. "ஆனா உண்மை."

"கேக்காததுக்கு எப்படிச் சத்தியம் பண்ணுவீங்க? எனக்கு இதுல முத்திரை போட வழியில்லையே."

வெய் ஏதோ சொல்ல வந்தான். மீனா அவனை உட்காரச் சொன்னார்.

"ஐயா, மொதல்ல நீங்க ஒரு பேர வாசிச்சீங்க. யாராவது அசைஞ்சாங்களா?"

"இல்ல."

"ரெண்டாவது ஒண்ணு வாசிச்சீங்க. அது வேற யாரோட பேராவது இருந்தா, இவங்க எதுக்கு இப்படி நிக்கிறாங்க? திரும்பிப் பாருங்க."

ஆணையர் பார்த்தார். ஆறு பேரும் இன்னும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிந்ததா முடியவில்லையா என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. கண்ணாடிக்கு மேலாக அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார், ஒன்று, இரண்டு என்று ஆறும். பிறகு மேசையின் இழுப்பறையைத் திறந்து, மைப்பெட்டியை எடுத்து மீனாவின் பக்கமாகத் தள்ளினார்.